அப்புச்சி வண்டியின் டேங்க்

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் மூன்று வருடமாகச் சும்மா நின்ற அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) டிராக்டரைப் போன ஞாயிறு கிளப்பினேன். இரண்டு நிமிடம் ஓடி, இருமி, நின்றது. டீசல் பில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் காப்பித்தூள் மாதிரி துரு.

டேங்க்கை இறக்கி, வினிகர் ஊற்றி, முழநீளச் சங்கிலியும் போட்டு இரவெல்லாம் ஊறவைத்தேன். சங்கிலி நுனியில் கம்பி கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டவில்லை, வெளியே எடுக்க அரை மணி நேரம். காலையில் மச்சானும் நானும் பிடித்துக் குலுக்கினோம். வந்தது செங்காவித் தண்ணீர். சோடா மாவுத் தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, அப்புறம் டீசல் அலசல்.

புது பில்டர் மாட்டி, காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பு அடித்து, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். நுரை நின்றதும் திருகை இறுக்கினேன்.

"டேங்கைப் பாதியா விட்டா உள்ள வேர்க்கும், ரொப்பி நிறுத்தோணும்னு சொன்னனில்ல கண்ணு," என்றார் அப்புச்சி, கட்டிலில் படுத்தபடியே.