வந்தும் வராதவர்

மார்ச் 3, திங்கள்

காலைக் கூட்டம் இன்று ஒரு மணி நேரம் இழுத்துவிட்டது. புதிதாக ஒரு நோயாளி எங்கள் அணியின் பராமரிப்புக்கு வருகிறார். 41 வயது, மனச்சிதைவு நோய். கடை சாத்தும் நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார், வெளியே கூட்டிப் போக வந்த காவலரைத் தள்ளிவிட்டார். வழக்கு அவ்வளவுதான். அதற்குச் சிறையில் 74 நாள் ஆகிவிட்டது.

அணி என்றால் மனநல மருத்துவர், நர்ஸ் அக்கா, போதை மீட்பு ஆலோசகர், தங்க இடம் பிடித்துத் தருபவர், அப்புறம் ஒரு காலத்தில் இதே நோயோடு இதே கூண்டில் நின்று இப்போது எங்களோடு சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அண்ணன். கோர்ட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஓடுவது நான். பத்து நோயாளிக்கு ஒரு ஊழியர் என்பது கணக்கு. ஆஸ்பத்திரியில் கிடைப்பதை நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் இந்த முறை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாடிசன் நகரில் பிறந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது, கைதுகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதற்கப்புறம்தான் சில ஊர்களில் அணிக்குள்ளேயே கோர்ட் வேலைக்கு ஆள் வைத்தார்கள். என் வேலைக்கு வந்த வழி அது.

மார்ச் 4, செவ்வாய்

சிறையில் அவரைப் பார்த்தேன். ஒப்புதல் படிவத்தை நிதானமாக, விரலை வரிமேல் ஓட்டிப் படித்தார். அப்புறம் ஒரே கேள்வி: “நான் உங்ககிட்ட சொல்றதெல்லாம் ஜட்ஜுக்குப் போகுமா சார்?”

இதைக் கேட்காமல் கையெழுத்து போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. சந்திப்புக்கு வந்தாரா, ஊசி போட்டுக்கொண்டாரா, எங்கே தங்கியிருக்கிறார் என்ற மூன்றும் போகும் என்றேன். காதில் கேட்கும் குரல்கள் என்ன சொல்கின்றன என்பது போகாது. யார் உயிருக்காவது ஆபத்து என்றால் போகும்.

“சரி. அங்க சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிடுங்க.”

அதைப் படிவத்தின் அடியில் என் கையால் எழுதினேன். இருவரும் பக்கத்தில் கையெழுத்து போட்டோம். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

மார்ச் 5, புதன்

காலை 11 மணிக்கு விடுதலை என்றார்கள். வெளியே வந்தபோது மாலை 6.40. மருந்துக்கடை, கிளினிக், அலுவலகம் எல்லாம் சாத்தியாகிவிட்ட நேரம். நர்ஸ் அக்கா இதை எதிர்பார்த்து, சிறை மருத்துவரிடம் பேசி, மனச்சிதைவுக்கான பாலிபெரிடோன் என்ற, பல நாள் உடம்பில் நின்று வேலை செய்யும் மருந்தின் முதல் ஊசியைக் காலையிலேயே போட வைத்திருந்தார். இரண்டாவது ஊசி எட்டாம் நாள். நான்கு நாள் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை. ஆனால் எட்டாம் நாள்தான் வாய்தாவும்.

மார்ச் 12, புதன்

வரவில்லை.

8.30க்கு நீதிபதி அறையில் எங்கள் கூட்டம். மனநோய் உள்ளவர்களின் வழக்குகளுக்கென்றே இருக்கும் இதுபோன்ற கோர்ட்டுகளில் இது நடைமுறை: விசாரணைக்கு முன்பே அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், நாங்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசிவிடுவோம். மனநோய்க்கென்று தனி கோர்ட் 1997ல் புளோரிடாவின் ப்ரோவர்டு கவுண்டியில் தொடங்கியது. அமெரிக்காவில் அதுதான் முதல் என்பார்கள். வக்கீல்கள் சண்டை போடாமல் பேசுவது அழகுதான். ஆனால் பேச்சுக்குரிய ஆள் மட்டும் அந்த மேஜையில் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு வாரமும் உறுத்தும்.

மூன்று முறை பெயரைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் வாரண்ட் கேட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நீதிபதி என்னைப் பார்த்தார். “வரவில்லை, காரணம் தெரியவில்லை” என்றேன். எங்கள் ஆளின் போன் அணைந்திருந்தது. அவருக்குச் சொல்லாமல் அங்கே சொல்லிவிட்டேன், எட்டே நாளில். வெள்ளி மாலை வரை வாரண்டை நிறுத்தி வைத்தார் நீதிபதி.

மார்ச் 13, வியாழன்

அண்ணன்தான் கண்டுபிடித்தார். ஆள் நேற்று 8.10க்கே வந்திருக்கிறார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. வரிசையில் நின்று ஸ்கேனர் வரைக்கும் போயிருக்கிறார். அது கீச்சிட்டதும் பெல்ட்டைக் கழட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே திரும்பிவிட்டார். எதிரே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மதியம் வரை உட்கார்ந்திருந்தாராம். 8.20க்கு நானும் அந்த வழியாகத்தான் போனேன், போனைப் பார்த்துக்கொண்டே.

“பெல்ட்டைக் கழட்டுன்னா உள்ள வைக்கப் போறாங்கன்னு அர்த்தம்பா. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார் அண்ணன். பத்து வருடமாக அந்த வாசலில் பெல்ட்டைக் கழட்டி மாட்டிக்கொண்டு போகிறேன். எனக்குத் தோன்றியதே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பத்தாம் நாள். அவர் தங்கியிருக்கும் அறையிலேயே இரண்டாவது ஊசி. இடது தோளில் போட்டார் அக்கா. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பத்து எண்ணினார், ஊசி ஏழிலேயே முடிந்துவிட்டது.

கோர்ட்டுக்கு எழுதிய குறிப்பை முதலில் அவருக்குப் படித்துக் காட்டினேன். “நீதிமன்ற வாசல் வரை வந்தார், சோதனையின்போது பயந்துபோய்த் திரும்பிவிட்டார்” என்று இருந்தது. “பயந்துபோய்” வேண்டாம் என்றார். அடித்தேன். “ஊசி போட்டதையும் எழுதுங்க, எந்தக் கைன்னு வேணாம்.” அதையும் எழுதினேன். புதன்கிழமை முந்திக்கொண்டதற்கு மன்னிப்பு கேட்டேன். தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டார் என்று இதை எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

ஐந்து மணிக்குள் பதில் வந்தது. வாரண்ட் இல்லை.

மார்ச் 19, புதன்

பெல்ட் இல்லாமல், செருப்போடு வந்தார். அண்ணன் முன்னால் போய், ஸ்கேனரில் தன் பெல்ட்டைக் கழட்டிக் காட்டி, அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டார். பின்னாலேயே இவர். சத்தம் வரவில்லை.

நீதிபதியின் முன் மொத்தம் நான்கு நிமிடம். “போன வாரம் வாசல் வரை வந்தீர்கள் என்று படித்தேன்” என்றார் நீதிபதி. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் “ஆமாம்” என்றார்.

வெளியே வந்ததும் டைரியில் குறித்துக்கொண்டோம். அடுத்த வாய்தா ஏப்ரல் 2. மூன்றாவது ஊசி முதல் ஊசியிலிருந்து ஐந்தாம் வாரம், ஏப்ரல் 9. “ரெண்டும் ஒரே நாள்ல வராதுல்ல?” என்று இரண்டு முறை கேட்டார்.