தறி அறையில் ஆறு குடைமிளகாய்

மே 3, வெள்ளி

அப்பா தறியை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. தறிக்குழியைப் பலகை போட்டு மூடி, அந்த அறையில் ஆறு குடைமிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன். மண் சுவர், நாட்டு ஓடு. அம்மாப்பேட்டைத் தெருவில் செருப்பில்லாமல் நடக்க முடியாத நாளிலும் உள்ளே தாங்கும். சேலத்து மே மாதம் குடைமிளகாய்க்கு ஆகவே ஆகாது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்துவிடும். அதனால்தான் அறை, எல்இடி விளக்கு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய பை என்று இத்தனை கூத்து.

இன்று காலை மூன்றாவது செடியின் கொழுந்து வெளுத்திருந்தது. நரம்பெல்லாம் பச்சை, நரம்புக்கு நடுவில் மட்டும் எலுமிச்சை மஞ்சள். அடியிலைகளில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடைசி வரியை எழுதும்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மே 5, ஞாயிறு

இன்னும் இரண்டு செடிக்கு மஞ்சள். கண் பட்டுவிட்டது, எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டு என்கிறாள் அம்மா. மிளகாய்ச் செடிக்கே மிளகாயா!

உரக்கடையில் போன் படத்தைக் காட்டினேன். பார்த்த வேகத்தில் "மக்னீசியம் பத்தலைங்க" என்று எப்சம் உப்பு கால் கிலோ கட்டிக் கொடுத்தார். அஞ்சு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கரைத்து எல்லாச் செடிக்கும் ஊற்றினேன்.

மே 9, வியாழன்

மஞ்சள் குறையவில்லை. கூடவே இலை நுனிகள் பழுப்பாகக் கருகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன.

ராத்திரி ஜன்னலில் ஊதா வெளிச்சம் தெரிகிறதாம். எதிர்வீட்டு மாமா குரலைத் தாழ்த்தி, "தம்பி, உள்ள கஞ்சா கிஞ்சா ஒண்ணும் இல்லியே?" என்றார். கூட்டி வந்து காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. விளக்கு போட்டு அறைக்குள் செடி வளர்ப்பது பற்றி இணையத்தில் தேடினால் பாதிக்கு மேல் அந்தச் செடிதான் வருகிறது. இங்கே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி அது ஜெயில் விவகாரம். ஆனால் இலை சொல்லும் சேதி எந்தச் செடிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மே 12, ஞாயிறு

ஐந்தாவது செடி துவண்டு தொங்கியது. தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினேன்.

மே 14, செவ்வாய்

பெரியப்பா ஏற்காட்டிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு இறங்கி வந்தார். காபித் தோட்டத்தில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர், மிளகுக்கொடி வாடிச் சாவதை ஏகப்பட்ட தடவை பார்த்தவர். செடியைப் பார்க்கவே இல்லை. பையைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

"காலையிலயும் இப்படித்தான் தொங்குதா?"

"ஆமாங்க பெரியப்பா."

"மத்தியானம் தொங்கி ராத்திரி நிமிந்துட்டா அது வெயிலு, இல்ல தாகம். பை இந்தக் கனம் கனக்குது, விடியக்காலமும் தொங்குதுன்னா குடிக்க வாயில்லைன்னு அர்த்தம். வேரப் பாரு கண்ணு."

பையைக் கிழித்தோம். சாக்கடை நாற்றம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறையாகக் கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே தையல் நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம். வேரழுகல். தரை பாழாகக் கூடாது என்று ஒவ்வொரு பைக்கும் அடியில் நான் வைத்த தட்டில் நாள் கணக்காகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மூச்சு விட வழியில்லாத வேருக்கு மேலும் இரண்டு சொம்பு தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.

மே 15, புதன்

ஆர்ஓ மெஷின் பார்க்க வந்த தம்பியிடம் டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவியை, வாங்கி முக்கினேன். செடிக்கு இதுவரை ஊற்றிவந்த போர் தண்ணீர் 1140. குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர் 210. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளை நனைத்தால் போர் தண்ணீர் 8-ஐத் தாண்டுகிறது; 7-க்கு மேல் போனாலே காரம்.

அப்போதுதான் உறைத்தது. மக்னீசியம் செடிக்குள் இடம் மாறக்கூடியது. குறைந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும், அதனால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது, குறைந்தால் கொழுந்துதான் வெளுக்கும். என் செடியில் வெளுத்தது கொழுந்து. பையில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத் தண்ணீரில் அது கரையாமல் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளைக்கல், அதாவது மக்னீசியம் உள்ள மேக்னசைட், வெட்டியெடுக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு மக்னீசியம் காசு கொடுத்து வாங்கி ஊற்றியிருக்கிறேன்! ஏற்கெனவே உப்புத் தண்ணீர், அதில் இன்னும் உப்பு. நுனி கருகாமல் என்ன செய்யும்?

மே 18, சனி

ஒவ்வொரு பையிலும் மேட்டூர் தண்ணீரை அடியில் ஒழுகும்வரை ஊற்றி உப்பைக் கழுவினேன். முதலில் ஒழுகியது 2300 காட்டியது, நாலாவது குடத்துக்கு 600. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீரைச் செடிக்குக் கொட்டுகிறாயே என்று அம்மா போட்ட சத்தம் தனிக்கதை.

அப்புறம் இரும்புச் சத்து. இரும்பைக் கரைந்தபடியே பிடித்து வைக்கும் மருந்துகளில் கடையில் ஈடிடிஏ வகைதான் மலிவு. பிஎச் 6.5-ஐத் தாண்டினால் அது இரும்பை நழுவவிடத் தொடங்கும். கொஞ்சம் விலை கூட என்றாலும் காரத்திலும் பிடி விடாத ஈடிடிஎச்ஏ வாங்கினேன். கரைத்தால் ரத்தச் சிவப்பு.

வேறு எதையும் தொடவில்லை. கை அரிக்கிறதுதான்.

மே 23, வியாழன்

முதல் செடியின் உச்சி இலைகள் ஓரம் மேலே மடிந்து தோணி போல நிற்கின்றன. பூச்சி உறிஞ்சி இலை சுருளும் முரணை நோயோ என்று வயிறு கலங்கியது. இலைப்பேன் என்றால் மேல் பக்கம் சுருளும், மஞ்சள் சிலந்திப்பேன் என்றால் கீழ் பக்கம். இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன். தூசிதான் விழுந்தது, நகரும் புள்ளி ஒன்றும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தும் அதேதான். சுருண்டது அந்த ஒரு செடி மட்டும், அதுவும் உச்சி மட்டும். அண்ணாந்து பார்த்தால் விளக்கு ஒரு சாண் உயரத்தில்! வளர வளர விளக்கை ஏற்ற மறந்திருக்கிறேன். இரண்டு சாணாக ஏற்றிக் கட்டினேன், பழைய தறிக் கயிறு உதவியது.

வேப்பெண்ணெய் கலக்க எடுத்த பாட்டிலைத் திரும்ப மூடி வைத்தேன்.

மே 29, புதன்

புதுக் கொழுந்து மூன்று செடியிலும் முழுப் பச்சை. கருகிய நுனி கருகியதுதான், அது மாறாது. ஐந்தாவது குப்பைக்குப் போய்விட்டது.

மூன்றாவது செடியின் கணுவில் ஒரு மொட்டு, அரிசி அளவு. அம்மாவைக் கூப்பிட்டேன். வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வந்து பார்த்தால் தன் கண்ணே பட்டுவிடுமாம்.