கிடங்கில் படித்த சுவாஹிலி இலக்கணம்

தான்சானியாவின் டார் எஸ் சலாமுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களுக்கு, இந்த ஊர் மொழியான சுவாஹிலியில் முதல் மாதத்திலேயே ஒரு கட்டளைச் சுவாஹிலி வந்துவிடும். லேட்டே என்றால் கொண்டு வா. வேக்கா என்றால் வை. ங்கோஜா என்றால் பொறு. கூடவே சீக்கிரம் என்பதற்கு ஹராக்கா. இதை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. வேலை நடக்கத்தான் செய்யும். ஆனால் எதிரில் நிற்பவர் அவர்களிடம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார்.

நான் இருப்பது சாங்கோம்பே தொழிற்பேட்டைப் பக்கம். கட்டுமானச் சாமான் மொத்த வியாபாரம், அதில் கணக்குப் பிரிவு. இருப்புக் கணக்கும் வசூலும் என் பொறுப்பு. யார் பணம் கட்டினார், எது வந்தது, எது இன்னும் வரவில்லை என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும் வேலை. அதற்குக் கட்டளைச் சுவாஹிலி உதவாது. பதில் முழுக்க வினைச்சொல்லுக்குள் இருக்கிறது.

இந்த வினைச்சொல்லில் தமிழனுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. பகுதி, விகுதி, இடைநிலை என்று பள்ளியில் பிரித்துப் பிரித்து எழுதினோமே, அது இங்கே கைகொடுக்கிறது. 'நிமேவலிபா' என்றால் அவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டேன். நி என்பது நான், மே என்பது செயல் முடிந்ததற்கான அடையாளம், வ என்பது அவர்கள், லிபா என்பது பகுதி. நமக்கு ஆளைக் காட்டும் விகுதி வாலில் வரும். இவர்களுக்கு அது தலையில். சாரியை கூட உண்டு. 'நிலிகுலா', சாப்பிட்டேன். இதில் 'கு'வுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. 'லா' என்ற ஓரசைப் பகுதி தனியாக நிற்காது என்பதால் முட்டுக் கொடுக்க வருகிறது.

பிறவினையும் அப்படித்தான். கோபா என்றால் கடன் வாங்கு, கோபேஷா என்றால் கடன் கொடு. லிபா என்றால் பணம் கட்டு. லிபியா என்றால் ஒன்றுக்காகக் கட்டு. லிபிஷா என்றால் கட்டவை. நடந்தான், நடத்தினான் என்று பழகிய காதுக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு லட்சத்துக்கு லாக்கி, காசோலைக்கு ஹுண்டி, காப்பீட்டுக்கு பீமா. இந்தியப் பெருங்கடலில் வியாபாரிகளோடு கப்பலேறி வந்த சொற்கள் பேரேட்டில் பாதியை நிரப்பிவிடும்.

வசூல்காரனுக்கு மிகவும் பிடித்த உருபு 'ஜா'. கரியாக்கோ சந்தைக் கடைக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்டால் 'ஹகுலிபா' என்றும் சொல்லலாம், 'ஹஜாலிபா' என்றும் சொல்லலாம். முன்னது, அவர் கட்டவில்லை; கதை முடிந்தது. பின்னது, இன்னும் கட்டவில்லை, கட்டுவார் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. நாம் 'இன்னும்' என்று தனியாகச் சொல்வதை அவர்கள் வினைக்கு நடுவில் ஓரெழுத்தில் செருகிவிடுகிறார்கள். பின்னது நிலுவைப் பட்டியலுக்குப் போகும், முன்னது வாராக்கடனை நோக்கி நகரும்.

சலுகை இதோடு சரி. பெயர்ச்சொல்லுக்கு வந்தால் தமிழ் நம்மைக் கைவிட்டுவிடும். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டு. சுவாஹிலியில் பெயர்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன. எந்த வகுப்புப் பெயரோ, அதன் சாயல் வாக்கியம் முழுக்கப் பரவும். ஒரு லாரி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் வந்தால் அமேஃபிகா. லாரி வந்தால் லிமேஃபிகா. சரக்கு வந்தால் இமேஃபிகா. துறைமுகத்திலிருந்து தொலைபேசி கரகரக்கும்போது எழுவாய் காதில் விழாது, வினை மட்டும்தான் விழும். அந்த முதல் அசையைப் பிடித்தால் போதும், லாரி மட்டும் வந்ததா, சரக்கோடு வந்ததா என்று தெரிந்துவிடும். திணை விஷயத்தில் இன்னொரு சுவாரசியம்: வாசலில் படுத்திருக்கும் காவல் நாய்க்கும் இவர்கள் 'அமேஃபிகா'தான் போடுவார்கள். உயிருள்ளது என்றால் மனிதரோடு சேர்த்தி. எனக்கு இது நம் அஃறிணையை விட நியாயமாகப் படுகிறது.

புத்தகங்கள் இந்த வகுப்புகளுக்கு எண் போட்டு அட்டவணையாகத் தருகின்றன. அதை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. இருப்பு எண்ணும் நாளில் கிடங்குப் பெரியவர் பக்கத்தில் நோட்டுடன் நின்றாலே போதும். இரண்டு மூட்டை என்றால் 'மிஃபுகோ மிவிலி'. இரண்டு பெட்டி 'மசண்டூகு மவிலி'. இரண்டு பொட்டலம் 'விஃபுரூஷி விவிலி'. இரண்டு பாட்டில் 'சூப்பா ம்பிலி'. தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்றால் 'வாட்டு வவிலி'. காதுக்கு எதுகை மோனை மாதிரி இருப்பதால் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒன்று முதல் ஐந்து வரையும் எட்டும் இப்படி வேஷம் மாற்றும். ஆறு, ஏழு, ஒன்பது, பத்து மட்டும் எதற்கும் அசையாது. ஆறும் ஏழும் ஒன்பதும் அரபியிலிருந்து வந்தவை, அதனால் மாறுவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அந்தப் பெரியவரிடம் 'லேட்டே' என்றால் பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். வயதில் மூத்தவர் என்பதால் நான் 'ஷிகமோ, ம்ஸே' என்று தொடங்குவேன். அவர் 'மரஹபா' என்பார். அப்புறம் 'நவோம்பா உனிலேட்டே-ஏ', அதாவது எனக்குக் கொண்டுவந்து கொடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வினையின் கடைசி 'ஆ' இங்கே 'ஏ' ஆகிறது, கட்டளை வேண்டுகோளாகிறது. இதே 'ஏ'யை வைத்து அவர் மாலையில் 'டுஃபுங்கே?' என்று கேட்பார். மூடலாமா என்று அர்த்தம். பட்டியலோடு கூடவே எந்தப் பெட்டி நனைந்திருக்கிறது, எந்த மூட்டை கிழிந்திருக்கிறது என்ற தகவலும் இப்போது வருகிறது.

என்னை இன்னும் படுத்துவது பெயரெச்சம். நேற்று வந்த சரக்கு என்று நாம் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இவர்களுக்குப் பெயர் முதலில், 'மிஸிகோ இலியோஃபிகா ஜானா'. சரக்கின் வகுப்பு அந்த ஒரு வினையில் இரண்டு முறை, 'இ' என்றும் 'யோ' என்றும் வருகிறது. வேகமாகப் பேசும்போது நான் 'அம்பாயோ' என்ற தனிச்சொல்லைப் போட்டுச் சுற்றுவழியில் போய்விடுவேன். அதுவும் சரியான சுவாஹிலிதான். ஆனால் கிடங்குப் பெரியவருக்கு அது அரசாங்கக் கடிதம் மாதிரி கேட்கிறதாம். நான் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, 'இலியோஃபிகா' என்று மெதுவாகத் திருப்பிச் சொல்கிறார்.