தங்கச்சிமடத்திலிருந்து டெக்சாஸ் சமூகப் பணி உரிமம் வரை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், முதுகலை படித்த சமூகப் பணியாளர்களுக்கான எல்.எம்.எஸ்.டபிள்யூ உரிமம் பெற்றேன் என்று தெரிந்த நாள்முதல், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் பக்கத்தில் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) படிக்கும் தங்கைகள் பலர் "எங்கிருந்து தொடங்குவது, அக்கா?" என்று கேட்டுவருகிறார்கள். திருமணமாகி விசாவுக்காகத் தங்கச்சிமடத்தில் காத்திருந்த காலத்தில்தான் இந்த வேலையின் பெரும்பகுதியை முடித்தேன் என்பதால், இங்கே இருந்துகொண்டு எதையெல்லாம் செய்துவிட முடியும் என்பதை முதலில் சொல்வதே அவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் சமூகப் பணியாளராக வேலை செய்யப் பொதுவாக உரிமம் எதுவும் தேவைப்படுவதில்லை. பட்டமும் பணி ஆணையும் போதும். மனநலத் துறையில் பணியாற்றும் சமூகப் பணியாளர்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வகை செய்திருக்கிறது. 2021-இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று சட்டமும் வாரியமும் வைத்து உரிமம் வழங்குகிறது. ஆகவே எந்த மாநிலத்துக்குப் போகப்போகிறோம் என்பது உறுதியாகாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். இல்லினாய் மாநிலம் முதல்நிலை உரிமத்துக்குத் தேர்வே வேண்டாம் என்று 2022 முதல் விலக்கிவிட்டது; டெக்சாஸில் தேர்வு கட்டாயம். டெக்சாஸில் மூன்று படிகள் உண்டு: இளங்கலை சமூகப் பணி படித்தவர்களுக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று, மேற்பார்வையின்கீழ் நெடுங்காலம் பணியாற்றிய பின் கிடைக்கும் சிகிச்சைநிலை உரிமம் ஒன்று. முதுகலைப் பட்டத்தோடு உள்ளே போகிறவர்களுக்கு எல்.எம்.எஸ்.டபிள்யூதான் வாசல்.

வெளிநாட்டில் படித்தவர்களின் பட்டத்தை, அமெரிக்கச் சமூகப் பணிக் கல்விக் குழு தன் மதிப்பீட்டுப் பிரிவின் வழியாக ஆராய்ந்து, தங்கள் நாட்டு முதுகலைக்கு அது இணையானதா என்று சொல்ல வேண்டும். மதிப்பெண் பட்டியல்களைப் பெறுவதில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. களப்பணிக்கு ஆதாரம் திரட்டுவதில்தான் காலம் போனது. அமெரிக்காவில் முதுகலை மாணவர் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி செய்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, ஊரக முகாம், படிப்பின் இறுதியில் தொடர்ச்சியான களப் பயிற்சி என்று கூட்டிப் பார்த்தால் நம் மாணவர்களும் அந்த அளவுக்குக் குறையாமல் உழைத்திருப்பார்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலில் அது 'களப்பணி' என்ற ஒற்றை வரியாகவும் அதற்கு எதிரே ஓர் எண்ணாகவும் சுருங்கிவிடுகிறது. எந்த நிறுவனத்தில், யாருடைய மேற்பார்வையில், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்பது அதில் இருக்காது. நான் பயிற்சி பெற்ற நிறுவனங்களில் ஒன்று மூடப்பட்டிருந்தது. இன்னொன்றில் என்னை மேற்பார்வையிட்டவர் வேறு ஊருக்குப் போயிருந்தார். கல்லூரி அலுவலகத்தில் பழைய வருகைப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை. என்னைக் காப்பாற்றியவை அம்மா பரணில் பத்திரப்படுத்தி வைத்திருந்த களப்பணி நோட்டுகள். கடற்காற்றின் ஈரத்தில் அட்டைகள் உப்பியிருந்தாலும், ஒவ்வொரு வாரப் பதிவின் அடியிலும் மேற்பார்வையாளரின் பச்சை மைக் கையெழுத்தும் தேதியும் அழியாமல் இருந்தன. அவற்றை வைத்துத்தான் துறைத் தலைவர் மணிக்கணக்கைச் சரிபார்த்து, கல்லூரியின் கடிதத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

மதிப்பீட்டு முடிவு வருவதற்குள் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருந்தேன். சமூகப் பணி வாரியங்களின் சங்கம் நடத்தும் முதுகலைநிலைத் தேர்வில், நான் எழுதியபோது 170 வினாக்கள் இருந்தன. நேரம் நான்கு மணி. அவற்றில் 150-க்குத்தான் மதிப்பெண். மீதி 20 வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, அவை எவை என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. தேர்வின் அமைப்பு 2026-இல் மாறுவதால் புதிய கையேட்டைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். மனித வளர்ச்சிக் கோட்பாடுகள், மனநோய் வகைப்பாடு, மருந்துகளின் பெயர்கள் எல்லாம் படித்தால் வந்துவிடும். வினாக்கள் கேட்கப்படும் விதம்தான் நம்மைத் தடுமாற வைக்கும். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளும் நல்ல செயல்களாகவே இருக்கும். அவற்றில் சமூகப் பணியாளர் முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்பார்கள்.

பாம்பன் பகுதியில் பாசி எடுக்கப் போகும் பெண்களிடையே நான் வேலை செய்தபோது, கணவரிடம் அடிபட்டு வந்த ஓர் அம்மா, "நீ வந்து அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசும்மா, நீ சொன்னாக் கேப்பாரு" என்றார். அந்த இடத்தில் ஊர்த் தலைவரிடம் சொல்வது, மாமியாரைக் கூட்டிவைத்துப் பேசுவது, பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைப்பது, ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போவது என்று நமக்குப் பல வழிகள் தோன்றும். ஊர் நிலவரம் தெரிந்தவர்களுக்கு அவை எல்லாமே பொருந்தக்கூடியவைதான். ஆனால் தேர்வு எதிர்பார்க்கும் விடை இவை எல்லாவற்றுக்கும் முந்தையது: இன்றிரவு அவர் வீட்டுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து உண்டா என்று அவரிடமே, தனியாக, கேட்டு அறிவது. பாதுகாப்பு, பிறகு நிலைமையை முழுதாக அறிதல், அதற்கும் பிறகே செயல். செயலிலும் அவர் எதை விரும்புகிறார் என்பதே முடிவு. இந்த வரிசையை நான் புத்தகத்தின் மாதிரி வினாக்களை மட்டும் வைத்துப் பழகவில்லை. பழைய களப்பணி நோட்டுகளில் இருந்த ஒவ்வொரு நிகழ்வையும் எடுத்து, இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் மனைவி, தடைக்கால மாதங்களில் பள்ளியை விட்டு நின்ற பையன், மண்டபம் அகதிகள் முகாமில் தனியாக வாழும் முதியவர் என்று, அதற்கு நானே வினாவும் நான்கு விடைகளும் எழுதிப் பார்த்தேன். இந்தப் பயிற்சியை எல்லாருக்கும் உறுதியாகப் பரிந்துரைப்பேன். அறிமுகமான மனிதர்களின் மீது பொருத்திப் பார்த்த கோட்பாடு மறப்பதில்லை.

நெறிமுறைப் பகுதிக்கு இன்னும் பொறுமை வேண்டும். அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பில் 1.06-ஆம் பிரிவு, உதவி பெறுபவரோடு வேறு உறவும் வைத்துக்கொள்வதைப் பற்றியது. நம் கடற்கரை ஊர்களில் உதவி கேட்டு வருகிறவர் பெரும்பாலும் சித்தி முறையோ மதினி முறையோ ஆகிறவர், அல்லது ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர். வீட்டுக்குப் போனால் ஒரு பொட்டலம் கருவாடு கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பிரிவு இதை அடியோடு தடுக்கிறது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது உண்டு. முழுதாகப் படித்தால், சுரண்டலுக்கோ தீங்குக்கோ இடமிருக்கும் உறவைத் தவிர்க்க வேண்டும் என்றும், தவிர்க்க முடியாத இடத்தில் எல்லையைத் தெளிவாக வகுத்து உதவி பெறுபவரைக் காக்கும் பொறுப்பு பணியாளருடையது என்றும்தான் சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் ஏற்பட்டது. சிற்றூர்களில் வேலை செய்கிறவர்களை அந்தத் தொகுப்பு மறந்துவிடவில்லை.

டெக்சாஸ் வாரியம் தனியே நடத்தும் சட்டத் தேர்வு இணையவழியில், புத்தகத்தைப் பார்த்தே எழுதக்கூடியது; அதனால் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஒருவரைக் கொல்லப்போவதாக நோயாளி சொன்னால், இலக்காக இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976-இல் தராசாஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. பாடப்புத்தகங்கள் எல்லாம் இதையே சொல்லும். டெக்சாஸ் உச்ச நீதிமன்றமோ 1999-இல் அந்தக் கடமையை ஏற்க மறுத்தது. அங்கே மருத்துவருக்கோ காவல் துறைக்கோ தெரிவிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. நாளை வேலையில் இப்படி ஒரு நிலை வந்தால் மாநிலத்தின் சட்டம்தான் நம்மைக் கட்டுப்படுத்தும் என்பதால், இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கைரேகைப் பதிவும் அதை ஒட்டிய சரிபார்ப்புகளும் அங்கே போன பிறகு நடந்தன. அவற்றில் சொல்ல அதிகம் இல்லை. வாரியம் ஒப்புதல் தந்த பிறகே தேர்வுக்குப் பதிவு செய்ய முடியும். முடிவு தேர்வு மையத்திலேயே தெரிந்துவிடும். தவறினால் 90 நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம். உரிமம் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவையுங்கள், ஏனெனில் சார்ந்திருப்போர் விசாவில் போகிறவர்கள் உரிமம் கையில் இருந்தும் வேலை அனுமதி அட்டை இல்லாமல் உட்கார நேர்வதை அங்கே பார்க்கிறேன்.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள், வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பருவம் முடியும்போதும் நிறுவனத்தின் பெயர், மேற்பார்வையாளரின் தகுதி, மொத்த மணி நேரம், செய்த வேலை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, உடனே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் அதே நாற்காலியில் இருக்கும்போது அது பத்து நிமிட வேலை.