கன்ட்ரோல் தட்டிலும் புள்ளிகள்

நரம்பணு வளர்ப்புக் கூடத்தில் சேர்ந்த முதல் வருடம் முழுக்கப் புள்ளி எண்ணுவதுதான் என் வேலை. எலிக் கருவின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த நியூரான்களைத் தட்டுகளில் இரண்டு வாரம் வளர்ப்போம். பாதித் தட்டுகளில் எட்டோபோசைட் என்ற மருந்து சேரும். அது டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அறுபட வைக்கும். மீதி, மருந்து சேராத ஒப்பீட்டுத் தட்டுகள், அதாவது கன்ட்ரோல். அப்புறம் சாயம் போட்டு, இருட்டறையில் கான்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். இழை அறுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள ஹெச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் செல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அதைத்தான் எங்கள் ஆன்டிபாடி பிடிக்கும். நீல நிற உட்கருவுக்குள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்.

மருந்து போட்ட தட்டில் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. அது எதிர்பார்த்ததுதான். கன்ட்ரோல் தட்டிலும் ஒன்றிரண்டு கிடந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஆன்டிபாடியை மாற்றிப் பார்த்தேன். கழுவும் நேரத்தைக் கூட்டினேன். செல்களைப் பாதி ராத்திரியில் கையாண்டும் பார்த்தேன். புள்ளிகள் போகவில்லை. நான் செல்களைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு என்று கூட்டத்தில் மற்றவர்கள் சொன்னபோது நானும் அதையே நம்பினேன். மூன்று மாதம் அப்படிப் போனது.

பிறகுதான் பழைய ஆய்வுகளை நிதானமாகப் படித்தேன். 2013-இல் வெளிவந்த ஒன்றில், எலிகளைப் பழக்கமில்லாத இடத்தில் சும்மா உலாவவிட்டதற்கே மூளை நியூரான்களில் இரட்டை இழை முறிவுகள் கூடியிருந்தன; ஒரு நாளுக்குள் அவை சரியாகியும் விட்டன. 2015-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லி-ஹுவே சாய் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நியூரான் தூண்டப்படும்போது டோபோஐசோமரேஸ் 2பி என்ற நொதி ஃபாஸ், என்பிஏஎஸ்4 போன்ற ஜீன்களின் தொடக்கப் பகுதியில் இழையை வெட்டுகிறது, அந்த ஜீன்கள் சட்டென்று வேலை செய்யத் தொடங்குவதற்கு அந்த வெட்டு உதவுகிறது என்று காட்டினார்கள். எட்டோபோசைட் பிடித்துக்கொள்வதும் இதே வகை நொதியைத்தான்: வெட்டிய நிலையில், திரும்ப ஒட்டவிடாமல். நான் தினமும் பிப்பெட்டில் எடுத்த மருந்துக்கும் கன்ட்ரோல் தட்டில் கிடந்த அந்த ஒன்றிரண்டு புள்ளிகளுக்கும் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதன்பின் எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். மருந்தைக் கழுவிவிட்டு ஒரு மணி, நான்கு மணி, இருபத்துநான்கு மணி என்று பார்த்தால், பெரும்பாலான புள்ளிகள் மறைகின்றன. சில மட்டும் போகாமல் நிற்கின்றன. மூளை நோய்களின் காரணத்தைத் தேட வேண்டியது அந்த நிற்கிற புள்ளிகளில்தான் என்பது என் எண்ணம். பிரிந்து பெருகும் செல்லுக்கு டிஎன்ஏவின் இன்னொரு பிரதி கையில் இருக்கும், அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். பிரிவதை நிறுத்திவிட்ட நியூரானுக்கு அந்த வசதி கிடையாது. அறுந்த முனைகளை நேராக ஒட்டியாக வேண்டும், ஒட்டும்போது டிஎன்ஏவின் சில எழுத்துகள் விட்டுப்போகலாம். அந்த ஒரே செல் ஆயுள் முழுக்க ஓட வேண்டும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலுக்குள் வரும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அந்த ஆக்ஸிஜனே டிஎன்ஏவை அரிக்கவும் செய்கிறது.

பழுதுபார்க்கும் ஆளே தடம் மாறிப்போவதும் உண்டு. பரம்பரையாக வரும் மூளை நோயான ஹண்டிங்டனில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் தொடரை நியூரானுக்குள் மேலும் மேலும் நீளமாக்குவதில், எழுத்துப்பிழை திருத்தும் எம்எஸ்ஹெச்3 புரதத்துக்குப் பங்கு இருக்கிறது. தசைகளை இயக்கும் நியூரான்கள் அழியும் ஏஎல்எஸ் நோயாளிகள் சிலரிடம் மாறியிருக்கும் எஃப்யூஎஸ் புரதமோ, முறிந்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவற்றில் ஒன்று. அல்சைமரில் முறிவு முன்பா, புரதப் படிவு முன்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒருமுறை கூடத்தைப் பார்க்க வந்தவர்களில் ஒரு தாய் இருந்தார். மகனுக்கு அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா. முறிவைக் கண்டதும் எச்சரிக்கை எழுப்பும் ஏடிஎம் என்ற நொதி இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் இவர்கள். அந்த ஜீன் 1995-இல் அடையாளம் காணப்பட்டது. நடக்கத் தொடங்கும் வயதில் தள்ளாட்டம் தெரியும், சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் மெல்ல மெல்ல அழியும். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையனுக்கு இந்தப் புள்ளி எதுவுமே போகாதா?"

"அப்படியில்லைங்க. அவனுக்கும் முக்கால்வாசி போயிடும். கொஞ்சம்தான் தங்கிடும்."

"அந்தக் கொஞ்சம் எதுன்னு காட்டுங்க."

இருபத்துநான்கு மணி நேரத் தட்டை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு உட்கருவாக நகர்த்தி, இரண்டே புள்ளிகள் மிச்சமிருந்த ஒரு நியூரானில் நிறுத்தினேன். அவர் விரலால் திரையைத் தொட்டு இரண்டையும் எண்ணினார்.