கம்பளிப் போர்வையும் குஷனும்: கை இறுகக் கூடாது

கம்பளியில் கைத்தையல் கெடுவது பெரும்பாலும் நூலை இழுத்து இறுக்குவதால்தான். பருத்தியில் பழகிய கை அப்படித்தான் இழுக்கும். மெத்தென்ற துணி அமுங்கிக் கொடுத்துவிடுவதால் தைக்கும்போது எதுவும் தெரியாது. நாலு ஓரமும் முடித்துத் தரையில் விரித்த பிறகுதான் போர்வையின் நடுப்பகுதி குடை மாதிரி உப்பி நிற்கும்.

துணி வாங்கும்போது ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாடை அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். வெட்டிய ஓரம் பிரியாத அடர்ந்த ரகம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. 130 × 170 செ.மீ. போர்வைக்கு, 150 செ.மீ. அகலத்தில் 1.8 மீட்டர் எடுக்கலாம்.

வெட்டும் முன்பே சுருக்கிவிட வேண்டும். ஈரத் துணியை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள். தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும். ஓர் இரவு மடிக்காமல் காயட்டும்.

ஊசி ஷெனீல் ரகம், 18 முதல் 22 வரை. டேப்பஸ்ட்ரி ஊசியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் முனை மொட்டை. அடர்ந்த கம்பளியில் இறங்காது. நூலுக்கு டேப்பஸ்ட்ரி கம்பளி நூல் அல்லது 5ஆம் எண் பெர்ல் காட்டன் (முறுக்கேறிய பருத்தி எம்பிராய்டரி நூல்). சிவப்பு நூலை மட்டும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் பார்த்துவிடுங்கள்.

ஓரத்துக்குப் பிளாங்கெட் தையல். காஜா எடுப்பது போலத்தான், இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். ஆழம் 1 செ.மீ., இடைவெளி 1 செ.மீ. என்றால் ஒரு தையலுக்கு 3 செ.மீ. நூல் போகும். சுற்றளவு 6 மீட்டர். 600 தையல், 18 மீட்டர். ஒட்டுக்கும் சேர்த்து 25 மீட்டர் வாங்குங்கள். ஒரு தடவைக்கு 50 செ.மீ.க்கு மேல் கோக்க வேண்டாம். துணியை உரசி உரசி நூல் மெலிந்துவிடும். இதனால் நாற்பது ஒட்டுக்கு மேல் வரும். போர்வைக்கு இரண்டு பக்கமும் முகம்தான், முடிச்சுப் போட இடமில்லை. புது நூலைக் கடைசி வளையத்துக்குள்ளிருந்து எடுத்துத் தொடருங்கள். பழைய நுனியைத் துணியின் கனத்துக்குள்ளேயே 3 செ.மீ. ஓட்டி வெட்டுங்கள்.

சாக்குக்கட்டிக் கோடு கம்பளியின் பிசிறில் நிற்காது. ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி மெல்லிய நூலால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டால் அதுவே அளவு. மூலையில் ஒரே துளையில் மூன்று தையல். நடுவில் வருவது மூலையை நோக்கிச் சாய்வாக. 20 செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்தி வையுங்கள். தைத்த பிறகு அது 19.5 ஆகியிருந்தால் அந்தத் துண்டைப் பிரித்துவிடுங்கள். அப்படியே போனால் மொத்தச் சுற்றில் 15 செ.மீ. போய்விடும்.

குஷனில் அலங்காரத் தையலை முதலில் முடித்துவிட்டுத்தான் துணியை அளவுக்கு வெட்ட வேண்டும், தையல் கொஞ்சம் சுருட்டிக்கொள்ளும். டிஷ்யூ தாளில் படம் வரைந்து துணியோடு டாக்கா (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, தாளின் மேலேயே சங்கிலித் தையலோ இறகுத் தையலோ போட்டுப் பிறகு கிழித்தெடுங்கள். தோடர் பூத்தையல் இதில் எடுபடாது. அது கம்பளி நூலால்தான் போடுவது என்றாலும் பருத்தித் துணியின் இழைகளை எண்ணிப் போடும் வேலை. அடர்ந்த கம்பளியில் எண்ணுவதற்கு இழையே தெரியாது.

45 செ.மீ. உள் குஷனுக்கு முன்பக்கம் 46 × 46. பின்பக்கம் 46 × 30 அளவில் இரண்டு துண்டு, 14 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 1.5 செ.மீ. தையலுக்குப் போனால் உறை 43 செ.மீ. நிற்கும், அந்த இறுக்கம் இருந்தால்தான் குஷன் தொய்யாது. பின்பக்க வாயை மடித்துத் தைக்காதீர்கள், முதுகில் கட்டை மாதிரி உறுத்தும். வெட்டிய ஓரத்திலேயே பிளாங்கெட் தையல் போதும். மெஷினுக்கு 100ஆம் எண் ஊசி, தையல் நீளம் 3.5 மி.மீ. மூலைகளை 1 செ.மீ. உள்ளே தள்ளிச் சரிவாகத் தைத்தால் நாய்க்காது போல நீட்டிக்கொண்டு நிற்காது.