அந்தப் பொத்தானை மூன்று மணி நேரம் தள்ளிப்போட்டோம்

நண்பன் வழுக்கி விழுந்தது மதியம் இரண்டு நாற்பதுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் வாட்சைப் பார்த்து "நாலரைக்குள்ள கீழ இறங்கிடலாம்டா" என்று சொல்லியிருந்தான். ஈரப் பாறையில் கால் வழுக்கி இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போய் விழுந்தது. பூட்ஸைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் திரும்பப் போட முடியாது என்று மட்டும் இருவருக்கும் தோன்றியது. போன் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் உதவி கேட்க உதவும் செயற்கைக்கோள் கருவி என் பைக்குள் இருந்தது. அதில் எஸ்ஓஎஸ் என்ற அவசர உதவிப் பொத்தானை அழுத்தியது ஐந்தே முக்காலுக்கு.

நடுவில் என்ன செய்தோம் என்று யோசித்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. வலி குறையட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்தோம். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நடந்து பார்த்தான். இருநூறு மீட்டர் போக நாற்பது நிமிடம், அதிலும் இரண்டு முறை விழுந்தான். இறங்க வேண்டியது இன்னும் ஏழு கிலோமீட்டர். நான் கருவியை வெளியே எடுத்தபோதெல்லாம், "இதுக்கெல்லாம் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? உயிர் போற விஷயமா இது?" என்றான். எனக்கும் அதே கூச்சம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஐந்து மணிக்கு மேல் மேகம் இறங்கி மூடிவிட்டது. ஹெலிகாப்டர் பறக்க முடியாது, ஆட்கள் நடந்துதான் வருகிறார்கள் என்று கருவியில் பதில் வந்தது. மீட்புக் குழு எங்களிடம் வந்து சேரும்போது இரவு ஒரு மணி தாண்டிவிட்டது, அதற்குள் அவன் குளிரில் நடுங்கி, பேச்சே குழற ஆரம்பித்திருந்தது. குழுவில் வந்த ஒருவர் விழுந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் காலுக்குக் கட்டுப் போடுவதைத் தொடர்ந்தார். மூன்று மணிக்கு வானம் துளி மேகம் இல்லாமல் இருந்தது எங்கள் மூவருக்குமே தெரியும்.

நாங்கள் செய்த தவறு, தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். "இது உயிர் போகிற விஷயமா?" என்று கேட்டால் முக்கால்வாசி நேரம் "இப்போதைக்கு இல்லை" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு: எங்களிடம் இருப்பதை வைத்து, வெளியார் உதவி இல்லாமல், நிலைமை இதைவிட மோசமாவதற்குள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட முடியுமா? இரண்டு நாற்பதுக்கே அதற்குப் பதில் "முடியாது". அடிபட்ட காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அவனால் ஒரு எட்டு வைக்க முடியவில்லை.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தியவுடன் வானத்தில் ஹெலிகாப்டர் தோன்றிவிடாது. காற்று, மேகம், இருட்டு எது வந்தாலும் அது கிளம்பாமல் போகலாம். நடந்து வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவதென்றால் ஒரே சமயத்தில் ஆறு பேர் தூக்க வேண்டும், அவர்கள் களைத்தால் மாற்றிவிட இன்னும் ஆட்கள் வேண்டும், கரடுமுரடான பாதையில் ஒரு கிலோமீட்டருக்கே நெடுநேரம் பிடிக்கும். பகலில் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை, நாங்கள் தயங்கியதால் பத்துப் பன்னிரண்டு பேர் இரவெல்லாம் வழுக்குப் பாறையில் கால் வைத்து ஏறும் வேலையாகிவிட்டது. அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்துத்தான் தயங்கினோம், நடந்தது நேர் எதிர்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்கு ஒரு யோசனை உண்டு. 2009-ல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் ஒரு குழு மூன்று நாட்களில் மூன்று முறை கருவியை அழுத்தியது. முதல் முறை தண்ணீர் இல்லை என்று. ஹெலிகாப்டர் போவதற்குள் அவர்களே தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த முறை, கிடைத்த தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று. மூன்றாவது முறை போன ஹெலிகாப்டர் அவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. நடந்தது உண்மை, கண்டிக்க வேண்டியதும்கூட, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தாக்குக்குள் பறந்தவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் பறந்தார்கள். ஆனால் மலையேறுபவர்கள் கூடும் இடங்களில் இந்த ஒரு கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்து, நிஜமாகவே உதவி தேவைப்படுகிறவனும் "நானும் அந்த மாதிரி ஆளாகிவிடுவேனோ" என்று பயப்படும்படி ஆக்கிவிட்டோம். தேவையில்லாமல் அழுத்துகிறவர்களுக்குச் சொல்லும் கதையை, அழுத்தத் தயங்குகிறவன்தான் மனதில் போட்டுக்கொள்கிறான்.

சிலவற்றில் யோசனையே கூடாது. நெஞ்சுவலி, நிற்காத ரத்தப்போக்கு, தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ பிதற்றலோ, பாம்புக்கடி, தொடை எலும்பு முறிவு (வெளியே ஒரு சொட்டு தெரியாமலேயே தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கிவிடும்), மூச்சு அடைக்கும் ஒவ்வாமை. எபிநெஃப்ரின் ஊசி போட்டு ஒவ்வாமை அடங்கிவிட்டாலும் கூப்பிடுங்கள், சில மணி நேரம் கழித்து அது திரும்ப வரலாம். வெயிலில் நடந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே உடம்பைக் குளிர்விக்கத் தொடங்குங்கள், இன்னொருவர் அழுத்தட்டும். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் சூடு ஏறாமலே நின்றுபோனால் தேறிவிட்டார் என்று நிம்மதியடையாதீர்கள், உடம்பு போராடுவதை விட்டுவிட்டது என்று பொருள். அதிக உயரத்தில் குடித்தவர்போலத் தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அழுத்திவிட்டு, முடிந்தால் கீழே இறங்கவும் தொடங்க வேண்டும், அங்கேயே காத்திருப்பது ஆபத்து. எந்த வழியாக இறங்குகிறீர்கள் என்பதை மட்டும் செய்தியில் சொல்லிவிடுங்கள்.

அடிபடாமலும் ஆபத்து வரும். பாறையில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நிற்கிறீர்கள், ஆறு பெருகிப் பின்னால் இருந்த வழியும் அடைபட்டுவிட்டது என்றால் குதித்துப் பார்க்கிறேன், கடந்து பார்க்கிறேன் என்று கிளம்புவதைவிட அழுத்துவது மேல். வழி தவறிவிட்டது என்றால், முதலில் உட்காருங்கள். உங்கள் கருவி தடத்தைப் பதிவு செய்வதாக இருந்தால், வந்த வழியை அதில் பார்க்கலாம். களைப்பு, கொப்புளம், நேரமாகிவிட்டது, எதிர்பாராமல் ஓர் இரவு தங்க வேண்டிவந்தது, ஆனால் துணி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்றால் அது எஸ்ஓஎஸ் இல்லை. வீட்டுக்கு "தாமதம், நலமாக இருக்கிறோம், நாளை காலை இறங்குவோம்" என்று ஒரு சாதாரணச் செய்தி போதும். பாதித் தேடல்கள் இப்படி ஒரு வரி வராததால்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

உங்கள் கையில் இருக்கும் கருவி எது என்பதைப் பொறுத்தும் இது மாறும். பிஎல்பி எனப்படும் பீக்கன், அதாவது அவசர சிக்னல் மட்டும் அனுப்பும் சிறு கருவி, 1982 முதல் உயிர்களைக் காத்துவரும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேசச் செயற்கைக்கோள் மீட்பு அமைப்புக்கு 406 மெகாஹெர்ட்சில் சிக்னல் அனுப்பும். மாதச் சந்தா இல்லை, குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும், ஆனால் என்ன நடந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. கார்மின் இன்ரீச் போன்ற செய்திக் கருவிகள் 66 செயற்கைக்கோள்கள் கொண்ட இரிடியம் வலையமைப்பு வழியாக இருபக்கமும் செய்தி அனுப்பும். ஐஃபோன் 14 முதல் சில நாடுகளில் போனிலேயே இந்த வசதி வந்துவிட்டது. இருவழிக் கருவி இருப்பவர்கள் தயங்க இன்னும் காரணம் குறைவு, ஏனென்றால் அழுத்தினால் முதலில் வருவது ஹெலிகாப்டர் அல்ல, ஒரு கேள்வி. அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறார், நிலைமையைச் சொன்னால் எதை அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

நான் அனுப்பிய முதல் செய்தி "உதவி தேவை, நண்பருக்கு அடி". அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எத்தனை பேர், யாருக்கு என்ன, நினைவோடு இருக்கிறாரா, நடக்க முடியுமா, அங்கே மேகமா காற்றா, பாதையிலேயே இருக்கிறீர்களா, இரவைத் தாங்க என்ன இருக்கிறது, இவ்வளவும் இரண்டு செய்தியில் அடங்கும். அழுத்தியபின் கருவியை அணைக்காதீர்கள், வானம் தெரியும் இடத்தில் வையுங்கள். அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஒரு செய்தி போக இருபது நிமிடம்கூட ஆகலாம், அதைப் பதில் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு வழியில்லாமல் இருந்தாலொழிய இடத்தை விட்டு நகராதீர்கள். ஹெலிகாப்டர் தெரிந்தால் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஒய் எழுத்துப்போல நிற்க வேண்டும், உதவி வேண்டும் என்று அர்த்தம். ஒரு கையை மட்டும் ஆட்டினால் வேண்டாம் என்று புரிந்துகொள்ளப்படலாம். நிலைமை சரியாகி நீங்களே நடந்துவிட முடிந்தால், அதையும் சொல்லி ரத்து செய்யுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் இறங்கிப் போய்விடுவதுதான் பெரிய குற்றம், நீங்கள் வீட்டில் தூங்கும்போது உங்களைத் தேடி ஆட்கள் மலையில் இருப்பார்கள்.

பணம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாட்டுக்கு நாடு வேறு, சில இடங்களில் இலவசம், சில இடங்களில் ஹெலிகாப்டருக்குப் பெரிய தொகை வரும். காப்பீடு எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், மலையில் நிற்கும்போது அந்தக் கணக்கைப் போடாதீர்கள். செலவுக்குப் பயந்து யாரும் தாமதிக்கக் கூடாது என்று மீட்புக் குழுக்களே சொல்கின்றன. இன்னொன்று, இந்தியா உள்பட சில நாடுகளில் அனுமதி இல்லாமல் இக்கருவிகளை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இப்போது கருவி பைக்குள் போவதில்லை. தோள் வாரில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் விழுந்தவன் நானாக இருந்து, பை பத்தடி தள்ளிக் கிடந்திருந்தால்? எஸ்ஓஎஸ் பொத்தானின் மூடியை எப்படித் திறப்பது, எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது என்று கூட வரும் ஒவ்வொருவருக்கும் ஏறும் முன்பே காட்டிவிடுகிறேன். அழுத்தாமல், காட்ட மட்டும். அவசரத் தொடர்பில் இருக்கும் எண்ணையும் ஒருமுறை சரிபார்க்கிறேன், அன்றைக்கு என்னுடையதில் இருந்தது நான் விட்டுவிட்ட பழைய எண். அப்புறம் கிளம்பும் முன் ஒரு பேச்சு: யாருக்காவது நடக்க முடியாமல் போனால் அரை மணி நேரம், அதற்குள் நகர முடியவில்லை என்றால் அழுத்துகிறோம், அடிபட்டவர் "வேண்டாம்" என்று சொன்னாலும். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது அவன்தான்.